பயணிக்காக ஒரு பந்தயம்

பஸ் ஓட்டுநர் ஏன் இப்படி வெறிபிடித்தாற்போல ஓட்டுகிறார் என்று கேட்டால் நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஆள் சரியில்லை. இளரத்தம், குடி, திமிர், பொறுப்பில்லாமை என்று மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வந்துவிடும். சட்டமும் இந்தப் பார்வையைத்தான் வைத்திருக்கிறது. பொதுச்சாலையில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 279ஆம் பிரிவில் குற்றமாக்கியது. அன்றைக்கு வண்டி என்றால் மாடோ குதிரையோ இழுத்தது. மோட்டார் வந்தது, நாற்கரச் சாலை வந்தது, 2024 ஜூலையில் அந்தச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவின் எண் 281 ஆனதைத் தவிர உள்ளடக்கத்தில் பெரிய மாற்றமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மட்டுமே அதன் கண்ணுக்குப் படுகிறது. அந்தக் கைக்கு அன்றைய கூலி எந்தக் கணக்கில் வந்து சேர்கிறது என்பது வழக்குக்கு வெளியே நிற்கும் சங்கதி. பஸ் தொழிலின் பழைய கதையைப் புரட்டினால், அந்தச் சங்கதியைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. லண்டனிலும் கொழும்பிலும் டெல்லியிலும் சாண்டியாகோவிலும் நம் ஊர்களிலும் பஸ்கள் ஒன்றையொன்று துரத்திய காலங்களில் எல்லாம், நிறுத்தத்தில் நின்ற ஒவ்வொரு பயணியும் ஓட்டுநரின், நடத்துநரின் அன்றைய வரும்படியாக இருந்தார். துரத்தல் ஓய்ந்த இடங்களில் மனிதர்கள் திருந்தியதாகத் தெரியவில்லை. கூலிக் கணக்கு மாறியிருந்தது.

1829 ஜூலை 4ஆம் தேதி ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் லண்டனில் பேடிங்டனிலிருந்து பேங்க் வரை ஆம்னிபஸ் ஓட்டத் தொடங்கினார். மூன்று குதிரைகள், உள்ளே 22 இருக்கைகள், கடைசி வரை போக ஒரு ஷில்லிங். பாரிஸில் பார்த்த யோசனையை அவர் இங்கே கொண்டுவந்தார். மற்றவர்கள் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். போட்டிக்கு ஆள் கிளம்பியதும் இரண்டே ஆண்டுகளில் கடனில் மூழ்கிப்போனார் மனிதர். (பிற்காலத்தில் அவர் பேர் சொன்னது சவ ஊர்வலத்துக்கென அவர் வடிவமைத்த வண்டி. அந்தத் தொழிலில் யாரும் முந்த அவசரப்படுவதில்லை.) 1832இல் நகரின் மையத் தெருக்களிலும் ஆளேற்றலாம் என்று சட்டம் இடம் கொடுத்தபின் ஒரே வழியில் பல முதலாளிகளின் வண்டிகள் ஓடத் தொடங்கின. பந்தயம் அங்கேதான் பிறந்தது. முப்பதுகளின் நடுவில் இளம் டிக்கன்ஸ் எழுதிய நகரச் சித்திரங்களிலேயே, வழிப்போக்கரைக் கையைப் பிடித்து வண்டிக்குள் திணிக்கும் கண்டக்டர்கள் வந்துவிட்டார்கள். தறிகெட்ட வேகத்தில் குதிரையை விரட்டிய வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டே இருந்தன.

இந்தப் பந்தயத்தின் உட்கணக்கைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு இரண்டு பேர் வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் போன வண்டிக்கும் நம் வண்டிக்கும் எட்டு நிமிட இடைவெளி இருந்தால் பதினாறு பேர் காத்திருப்பார்கள். இரண்டு நிமிடம்தான் என்றால் நான்கு பேர். ஆகவே முன்வண்டியை நெருங்கிவிட்ட ஓட்டுநருக்கு இரண்டே வழி. ஒன்று, ஆடி அசைந்து, தெருமுனைகளில் நின்று நின்று இடைவெளியைப் பெருக்குவது. இல்லையேல் முன்வண்டியை முந்தி, அதற்குச் சேர வேண்டிய கூட்டத்தைத் தான் அள்ளிக்கொள்வது. பின்னால் இன்னொரு வண்டி தெரியாதவரை முதல் வழி லாபம். தெரிந்த அடுத்த கணம் இரண்டாவது. நகரவே நகராமல் பயணிகளை வெறுப்பேற்றிய அதே வண்டி திடீரென்று பேய் பிடித்ததுபோலப் பறப்பதற்கு இதுதான் காரணம். ஓட்டுநரின் மனநிலை மாறவில்லை. கண்ணாடியில் தெரியும் காட்சி மாறியிருக்கிறது. லண்டன் முதலாளிகள் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். தங்கள் வழியில் நுழைந்த புதியவனின் வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று எனத் தங்கள் வண்டிகளை ஒட்டி ஓட்டி, அவனுக்கு ஒரு பயணிகூட மிஞ்சாதபடி செய்வார்கள். அதைச் செய்த ஓட்டுநர் முரடனாக இருக்க வேண்டியதே இல்லை. சொன்னதைச் செய்தான்.

முதலாளிகளுக்கும் இதில் நஷ்டம்தான். குதிரை சீக்கிரம் சாகிறது, வண்டி உடைகிறது. ஆகவே வழிவாரியாகச் சங்கம் அமைத்து, முனைகளில் நேரக் காப்பாளர்களை நிறுத்தி, இத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று முறை வகுத்துக்கொண்டார்கள். 1855இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் வந்து ஓராண்டுக்குள் லண்டனின் எண்ணூற்றுச் சொச்சம் வண்டிகளில் சுமார் 600ஐ வாங்கிப்போட்டது. அதுதான் பிறகு லண்டன் ஜெனரல் ஆம்னிபஸ் கம்பெனி. ஒரே கம்பெனியின் வண்டிகள் என்றான பிறகும் துரத்தல் முழுக்க நிற்கவில்லை, ஏனென்றால் கூலி மாறவில்லை. நடத்துநர் டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கி, அதில் ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்வது வழக்கம். மற்ற வண்டிகளின் வசூலை ஒட்டி ஒரு தொகை வந்துசேர்ந்தால் போதும் என்று கம்பெனியும் பார்த்தும் பாராமல் இருந்தது. ஏட்டில் சம்பளக்காரர், நடைமுறையில் வசூலில் பங்காளி. 1891இல் கம்பெனி டிக்கெட்டைக் கட்டாயமாக்கியதும் அந்த ஏற்பாடு உடைந்தது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வேலைநிறுத்தம் செய்ததால் ஜூன் மாதத்தில் ஒரு வாரம் லண்டன் தெருக்களில் பெரும்பாலான பஸ்கள் ஓடவில்லை. ஒதுக்கிக்கொண்டிருந்த காசுக்கு ஈடாகச் சம்பளமும், பதினான்கு பதினாறு மணி நேரத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு மணி நேர வேலையும் அவர்கள் கேட்டது. பஸ் தொழிலாளி முழுச் சம்பளக்காரனாக மாறத் தொடங்கியது அந்த வாரத்தில்தான் என்று சொல்லலாம். ஒழுக்கத்தைப் பற்றி எவரும் உபதேசம் செய்து நடந்த மாற்றம் அல்ல இது; ஒரு துண்டுக் காகிதத்தால் வந்தது.

ஆள்தான் காரணம் என்பவர்களுக்கு லண்டனின் அடுத்த அத்தியாயம் நல்ல மறுமொழி. முதல் உலகப்போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே குடையின்கீழ் வந்து அடங்கியிருந்தது லண்டனின் பஸ் போக்குவரத்து. போர் முடிந்தபின், 1922 ஆகஸ்ட் 5ஆம் தேதி, ‘சாக்லேட் எக்ஸ்பிரஸ்’ என்று பெயரெழுதிய ஒற்றைத் தனியார் பஸ் தெருவில் இறங்கியது. அதைப் பார்த்து ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த சிறு முதலாளிகள் கூட்டமாக இறங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் இப்படிப்பட்ட வண்டிகள் ஐந்நூறை ஒட்டிப் பெருகின. ஜெனரல் கம்பெனியின் ஓட்டுநருக்கு உரிமம் கொடுத்த அதே காவல்துறைதான் இவர்களுக்கும் கொடுத்தது. தேர்வும் ஒன்று, தெருவும் ஒன்று. ஆனால் நூறாண்டுக்கு முந்தைய அத்தனை தந்திரமும் திரும்ப வந்தது: கூட்டம் உள்ள தெருவுக்கு வழியை மாற்றிக்கொண்டு ஓடுவது, பாதி வழியில் இறக்கிவிட்டுத் திரும்புவது, கம்பெனி வண்டியின் மூக்குக்கு முன்னால் நுழைந்து நிறுத்தத்தை அள்ளுவது. கம்பெனியும் சளைக்காமல் பதிலுக்கு நெருக்கியது. 1924இல் வந்த லண்டன் போக்குவரத்துச் சட்டம், எந்தத் தெருவில் எத்தனை பஸ் என்பதற்கு வரம்பு போட்டது. 1933 ஜூலையில் எல்லாம் ஒரே வாரியத்தின் கைக்குப் போனது. துரத்தல் இரண்டாம் முறையாக ஓய்ந்தது. இந்தப் பத்தாண்டில் லண்டன்காரனின் குணம் கெட்டுப்போய் மறுபடியும் சீரானது என்று நம்புவதைவிட, வசூல் யாருக்குப் போனது என்று பார்ப்பது எளிய விளக்கம்.

நம் பக்கத்துக்கு வருவோம். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு வண்டியோடு தொடங்கினார். முப்பதுகளுக்குள் சென்னை மாகாணச் சாலைகளில் சிறு முதலாளிகள் நிறைந்துவிட்டார்கள். கட்டணத்தைக் குறைத்து ஒருவரை ஒருவர் விழுங்கப் பார்த்தார்கள். அரசாங்கத்துக்கு அப்போது உறைத்தது பயணியின் உயிர் என்று நினைத்துவிடக் கூடாது. ரயில்வேயின் வருமானம் சரிந்தது. அதை ஆராயத்தான் 1932இல் மிட்செலும் கிர்க்னெஸும் நியமிக்கப்பட்டார்கள், பின்னால் வெட்ஜ்வுட் குழு வந்தது. அதன் தொடர்ச்சியாக 1939இல் மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. பர்மிட் இல்லாமல் பஸ் ஓடக்கூடாது, எந்த வழி, எந்த நேரம் என்பதை வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் தீர்மானிக்கும், ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு ஐம்பத்து நாலு மணி நேரம்தான் வேலை என்று அது சொன்னது. ரயிலைக் காப்பாற்றக் கட்டிய வேலி சாலைக்கும் கொஞ்சம் அமைதி கொடுத்தது. அந்த வேலிக்குள் பெரிய நிறுவனங்கள் வளர்ந்தன. சுந்தரம் ஐயங்காரின் டி.வி.எஸ். பஸ் கடப்பதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மிகையாகவே இருக்கட்டும், ஆனால் அந்த மிகை வேகத்தைப் புகழவில்லை, நேரத்தைப் புகழ்கிறது. இது கவனிக்க வேண்டியது, ஏனென்றால் இந்த வாதத்தைத் தனியார் கெட்டது, அரசு நல்லது என்று குறுக்கிவிடுவது சுலபம். டி.வி.எஸ். முழுக்க முழுக்கத் தனியார். பெரிய வண்டித் தொகுதியும், உறுதியான வழியும், காப்பாற்ற வேண்டிய பெயரும் இருந்த ஒரு முதலாளிக்கு, தன் ஓட்டுநர் பந்தயம் ஓடுவதால் கிடைப்பதைவிட இழப்பது அதிகம்.

1971இல் தமிழ்நாடு அரசு சட்டமியற்றி, ஐம்பதும் அதற்கு மேலும் பஸ் வைத்திருந்த நிறுவனங்களைக் கையகப்படுத்தியது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் கழகங்கள் வந்தன. டி.வி.எஸ். வண்டிகள் பாண்டியனுக்குப் போயின. விளைவு வேடிக்கையானது. நேரம் காத்து ஓடிய பெரிய முதலாளிகள் போனார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து பர்மிட் வைத்திருந்தவர்கள் தங்கினார்கள். கோவை, ஈரோடு, சேலம் வட்டாரங்களில் இன்றும் கொடிகட்டிப் பறக்கும் தனியார் டவுன் பஸ்கள் அந்த மிச்சம்தான். பஸ் நிலையத்தில் டைம் கீப்பரின் மேசைக்கு முன்னால் நடக்கும் சண்டையைப் பார்த்தால் இந்தத் தொழிலின் முழுச் சங்கதியும் தெரிந்துவிடும். பர்மிட்டில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் சில நிமிட இடைவெளிதான். முன்வண்டிக்காரர் தன் நேரம் முடிந்தும் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நகராமல் நிற்பார். கண்டக்டர் ஒருகால் படியிலும் ஒருகால் தரையிலுமாக ஊர்ப்பெயரைக் கூவுவார். அவர் திருடுவது பின்வண்டியின் ஒரு நிமிடத்தை, அதாவது அடுத்த நான்கைந்து நிறுத்தங்களின் ஆட்களை. பின்வண்டிக்காரர் அதை வழியில்தான் வட்டியோடு மீட்டாக வேண்டும். இரண்டு பேருக்கும் பேட்டா வசூலைப் பொறுத்தது. ஏர் ஹாரன் எதற்கு என்று கேட்கிறோம். முன்னால் போகிறவனை விலகச் சொல்வதற்கு மட்டுமல்ல. அடுத்த நிறுத்தத்தில் நிற்பவருக்கு, பின்னால் வருவது நான், அவன் வண்டியில் ஏறாதே என்று சொல்வதற்கும்தான்.

இலங்கை இந்தக் கதையை இன்னும் துலக்கமாகச் சொல்லும், ஏனென்றால் அங்கே ஒரே நாடு இரண்டு ஏற்பாடுகளையும் அடுத்தடுத்து முழு அளவில் செய்து பார்த்தது. 1942ஆம் ஆண்டின் ஆம்னிபஸ் உரிமக் கட்டளைச் சட்டம் ஒரு வழியை ஒருவருக்கே தருவது என்று முதல் போட்டியை அடக்கியது. அதில் கொழுத்த பஸ் கம்பெனிகளை 1958 ஜனவரி 1ஆம் தேதி பண்டாரநாயக்க அரசு மொத்தமாகத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை அமைத்தது. லண்டனில் ஓய்வு பெற்ற இரட்டைத் தட்டு பஸ்கள் நூற்றுக்கணக்கில் கொழும்புக்கு வந்து ஓடின. இருபது ஆண்டுக் காலம் சாலையில் போட்டி என்பதே இல்லை. பஸ் வராது, வந்தால் நிற்க இடமிருக்காது, பழுதானது பழுதானதுதான், தேவைக்கு மேல் ஆளெடுப்பு — சபையைப் பற்றிய முறைப்பாடுகள் இந்த வகை. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசு எழுபதுகள் முடிவதற்குள் தனியார் பஸ்களுக்கு மறுபடி கதவு திறந்தது. இம்முறை கம்பெனிகள் வரவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு பஸ் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். நாள் முடிவில் முதலாளிக்கு இவ்வளவு, டீசலுக்கு இவ்வளவு, மிச்சத்திலோ வசூலிலோ ஒரு பங்கு சாரதிக்கும் நடத்துநருக்கும். முறைப்பாடுகளின் வகை உடனே மாறியது: போட்டி போட்டு ஓடுகிறார்கள், ஏறுமுன் இழுக்கிறார்கள், கூட்டம் சேரும்வரை தரிப்பிடத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறார்கள். சபையின் பஸ்ஸில் இருந்துவிட்டுத் தனியார் பஸ்ஸுக்குப் போன சாரதியும் இவர்களில் உண்டு. அவர் ஸ்டியரிங் மாறியபோது குணமும் மாறிவிட்டதா?

டெல்லியில் இதே பாடத்தைப் பெயிண்ட் டப்பாவால் தீர்க்கப் பார்த்தார்கள். 1992இல் தனியாருக்குத் திறந்துவிட்ட ரெட்லைன் பஸ்கள் ஆட்களை அடித்துப்போட்டுக் கெட்டபெயர் வாங்கியதும், சில ஆண்டுகளில் நிறம் மாறி ப்ளூலைன் ஆயின. முதலாளிமுறை மாறவில்லை, கூலிமுறை மாறவில்லை. 2007இல் மட்டும் அவை மோதி இறந்தவர்கள் நூறைத் தாண்டினார்கள். ஓட்டுநர்களுக்குப் பயிற்சி, சரிபார்ப்பு, கைது என்று அடுக்கடுக்காக நடவடிக்கை எடுத்தும் பயன் சொற்பம். கடைசியில் வண்டிகளையே சாலையிலிருந்து எடுத்துவிட்டு, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் என்ற ஒப்பந்த பஸ்களைக் கொண்டுவந்தார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் அனுமானம்தானே, எண் எங்கே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தற்செயலாக அதற்கு ஒரு நல்ல விடை சிலி நாட்டின் தலைநகரில் கிடைத்தது. சாண்டியாகோவில் 2007 வரை பெரும்பாலான ஓட்டுநர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்றே கூலி. சில வழிகளில் மட்டும் நிலையான சம்பளம். ஒரே நகரம், ஒத்த வழிகள், இரண்டு கூலிமுறைகள். ஜான்சன், ரைலி, முன்யோஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். தலைக்கூலி ஓட்டுநர்கள், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 67 சதவீதம் அதிக விபத்துகளைச் செய்திருந்தார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது, மறைக்காமல் சொல்ல வேண்டும்: சம்பள வழிகளில் பயணிகள் பஸ்ஸுக்காகச் சுமார் 10 சதவீதம் அதிகம் காத்திருந்தார்கள். தலைக்கூலிக்காரர்கள் முன்வண்டியிலிருந்து இடைவெளியைக் காத்தார்கள். சம்பளக்காரர்களின் வண்டிகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து வந்து நின்றன. இடைவெளியைக் காக்க ஓட்டுநர்களுக்கு உதவியவர்கள் தெருமுனையில் நோட்டுப்புத்தகத்தோடு நின்ற ஆட்கள். முன்வண்டி போய் எத்தனை நிமிடம் என்று குறித்துவைத்து, வருகிற ஓட்டுநருக்குச் சொல்லிச் சில்லறை வாங்கிக்கொள்வது அவர்களுடைய பிழைப்பு. வசூல் கூலி ஓட்டுநரை முரடாக்குகிறது என்பதோடு, கெட்டிக்காரராகவும் ஆக்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பிரச்சினையைப் பேச முடியாது. 2007 பிப்ரவரி 10ஆம் தேதி சாண்டியாகோ ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி டிரான்சான்டியாகோ என்ற புது அமைப்புக்குத் தாவியது. ஒப்பந்தக்காரர்களுக்குப் பயணி ஏறினாலும் ஏறாவிட்டாலும் பெரும்பகுதிப் பணம் உறுதி என்று முதலில் எழுதிவைத்திருந்தார்கள். துரத்தல் நின்றது. கூடவே நிறுத்தத்தில் நிற்பதும் நின்றுபோனது. மணிக்கணக்கில் காத்திருந்த மக்கள் கொதித்தார்கள், டிக்கெட் வாங்காமல் ஏறுகிறவர்கள் பெருகினார்கள். பிறகு ஒப்பந்தங்களைத் திருத்தி ஏறும் ஆட்களின் எண்ணிக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று.

நம்மூர் அரசு பஸ் ஓட்டுநருக்கு மாதச் சம்பளம்தானே, அவரும் பறக்கிறாரே என்ற மறுப்பு இங்கே எழும். எழ வேண்டும். ஆனால் அவருடைய கணக்கிலும் வசூல் இருக்கிறது: சம்பளத்துக்கு மேல் வசூலை ஒட்டி ஒரு பேட்டா. அதற்கு மேல், நெரிசல் பெருகிய சாலையில் பழைய காலத்து ஓட்ட நேரத்துக்குள் டிரிப்பை முடித்துத் தீர வேண்டிய நெருக்கடி. டிரிப் கெட்டால் டிப்போவில் பதில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் தனியார் வண்டி துரத்துகிறது. மறுபக்கம் கடிகாரம் துரத்துகிறது. சம்பளக்காரரிடம் வேறொரு முரட்டுத்தனமும் உண்டு, நாம் அதை அப்படிப் பெயரிட்டு அழைப்பதில்லை: நிறுத்தாமல் போவது. 2021இல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தங்களைத் தாண்டிப் பறக்கிறார்கள் என்ற புகார்கள் கிளம்பின. சாண்டியாகோவில் நடந்ததேதான். ஏற்றினால் காசு என்றால் ஆளைப் பிடித்து இழுப்பார்கள், ஏற்றுவதால் எதுவும் இல்லை என்றால் கையைக் காட்டினாலும் பார்க்க மாட்டார்கள். இரண்டும் கூலியின் குரல்.

இதைவிடக் கடினமான மறுப்பு, சொந்தக் காரில் போகிறவரைப் பற்றியது. அவருக்கு எந்தப் பயணியும் காசு தருவதில்லை. ஆனாலும் ஹாரனில் கை வைத்தபடி முறைக்கிறார். 1949இல் கனடாவில் டில்மன், ஹாப்ஸ் என்ற இருவர் அடிக்கடி விபத்து செய்த டாக்ஸி ஓட்டுநர்களை, விபத்தே செய்யாதவர்களோடு ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் பலருக்கு நீதிமன்றத்திலும் சமூக நல அமைப்புகளிலும் பழைய பதிவுகள் இருந்தன. மனிதன் வாழ்வது எப்படியோ ஓட்டுவதும் அப்படியே என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆள்தான் காரணம் என்ற கட்சிக்கு இன்றுவரை பலம் இந்த ஆய்வுதான், அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1968இல் கலிபோர்னியாவில் டூப், க்ரோஸ் என்ற இருவர் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். பச்சை விளக்கு விழுந்தும் நகராமல் நிற்கும் கார் பழையதாக, மலிவானதாக இருந்தால் பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஹாரன் அடித்தார்கள். பளபளக்கும் விலையுயர்ந்த கார் என்றால் பொறுத்தார்கள். கோபத்திலும் ஒரு கணக்கு ஓடுகிறது, யாரிடம் காட்டினால் என்ன கிடைக்கும் என்று. குணத்தில் வேறுபாடு இல்லை என்பதல்ல என் வாதம். ஒரு நகரத்தின் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே ஆண்டில் முரடாவதையும், ஒரே ஆண்டில் அடங்குவதையும் குணத்தால் விளக்க முடியாது என்பதுதான்.

கூலியைத் தொடாமலேயே பந்தயத்தைக் குறைக்க முடிந்ததற்கும் ஒரு சாட்சி உண்டு, அதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். கென்யாவின் மட்டாட்டு வேன்கள் வசூலில் ஓடுபவை, வேகத்துக்குப் பேர்போனவை. ஹபியாரிமானா, ஜாக் என்ற இரு பொருளியலாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெடுந்தூர வேன்களைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் சிலவற்றுக்குள் மட்டும், ஓட்டுநர் முறைகேடாக ஓட்டினால் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் ஸ்டிக்கர்களை ஒட்டினார்கள். அந்த வேன்களின் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தன. காவலர் செய்யாததை ஒரு காகிதம் செய்தது. என் வாதத்துக்கு இது எதிரானது போலத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. வேகமாக ஓட்டினால் ஆள் சேரும் என்பது ஓட்டுநரின் கணக்கு; உள்ளே இருப்பவர்கள் கத்தத் தொடங்கினால் அந்தக் கணக்கில் ஒரு கழித்தல் சேர்கிறது. நம்மூர்ப் பயணிகள் ஏன் வாய் திறப்பதில்லை என்பது தனி ஆராய்ச்சிக்குரியது. ஒன்று தெரியும்: உள்ளே ஏறியபின் முந்துகிற வண்டி நம் வண்டியாகிவிடுகிறது.

லண்டன் கடைசியாக வந்து நின்ற இடம் சுவையானது. எண்பதுகளின் நடுவில் பஸ் வழிகளை ஒப்பந்தத்துக்கு விட ஆரம்பித்தார்கள். கட்டணம் நகருக்கு, ஓட்டுவது தனியார். 2001 முதல் அந்த ஒப்பந்தங்களில் ஒரு புது ஷரத்து சேர்ந்தது. அடிக்கடி பஸ் ஓடும் வழிகளில், பயணி காத்திருக்க வேண்டிய நியாயமான நேரத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் காத்திருந்தார் என்று அளந்து, குறைந்தால் கம்பெனிக்குக் கூடுதல் பணம், கூடினால் பிடித்தம். ஏறும் தலைக்கும் பணமில்லை, வெறுமனே ஓடியதற்கும் முழுப்பணமில்லை. இரண்டு பஸ்களுக்கு இடையே இருக்கும் இடைவெளிக்குப் பணம். 1830களில் ஓட்டுநர்கள் திருடிக்கொண்டிருந்த அதே நிமிடங்களை நகரம் விலைகொடுத்து வாங்கத் தொடங்கியது. சாண்டியாகோத் தெருமுனை ஆளின் நோட்டுப்புத்தகம் செய்த வேலையை இங்கே வண்டியில் பொருத்திய கருவி செய்கிறது. இதில் ஓட்டுநருக்குத் தொல்லை இல்லாமல் இல்லை. கட்டுப்பாட்டு அறை வண்டியை நடுவழியில் நிறுத்திவைக்கச் சொன்னால் பயணிகளின் ஏச்சு அவர் தலையில் விழுகிறது. ஆனால் முன்வண்டியை முந்துவதால் அவருக்குக் காலணா கிடையாது.

தமிழ்நாட்டில் 2025 ஜூன் மாதத்தில் இரண்டு திட்டங்கள் சில நாள் இடைவெளியில் தொடங்கப்பட்டன. தஞ்சாவூரில் தொடங்கிவைத்த புதிய மினிபஸ் திட்டத்தில் பர்மிட் வாங்கிய சிறு முதலாளி டிக்கெட் காசில் பிழைக்க வேண்டும். சென்னை வியாசர்பாடி டிப்போவிலிருந்து புறப்பட்ட மின்சார பஸ்களில், ஓட்டும் நிறுவனத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மாநகர் போக்குவரத்துக் கழகம் கொடுக்கிறது. நடத்துநர் கழகத்தின் ஆள், வசூல் கழகத்தின் பணம். ஒன்று ஷில்லிபியருக்குப் பின்வந்தவர்களின் கணக்கு, மற்றது டெல்லி ப்ளூலைனை எடுத்தபின் வந்து சேர்ந்த கணக்கு. மினிபஸ்ஸின் வழியில் பெரும்பகுதி வேறு பஸ் ஓடாத கிராமச் சாலையாக இருக்க வேண்டும் என்ற விதி ஓரளவுக்குப் பந்தயத்தைத் தடுக்கும். ஊருக்குள் நுழைந்து டவுன் பஸ்ஸோடு சேரும் கடைசி சில கிலோமீட்டரில்தான் சோதனை. மின்சார பஸ்ஸுக்கோ, ஓடிய தூரத்துக்குப் பணம் என்பதால், நிறுத்தத்தில் நிற்கும் அரை நிமிடம் அந்த நிறுவனத்தின் கணக்கில் எந்தப் பத்தியில் ஏறுகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கும்.